விசிறி ஏன் இரைகிறது?

பிளெண்டர் மென்பொருளில் நான் அமைக்கும் அசைபடக் காட்சிகளை மடிக்கணினி இரவில்தான் ரெண்டர் செய்கிறது. வீட்டில் இருப்பது ஒரே அறை. அருகில் அம்மா உறங்குகிறார். விசிறி இரையத் தொடங்கினால் விழித்துக்கொள்வார். விசிறியைக் கட்டுப்படுத்துவது ஆபத்து. வெப்பம் பிறக்குமிடத்தில்தான் கை வைக்க வேண்டும்.

செயலி ஈர்க்கும் மின்திறன் அதன் வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து உயரும். உச்ச வேகத்துக்கு மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும் என்பதால், கடைசியாகக் கிடைக்கும் சிறிதளவு வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம். இரண்டையும் 10 விழுக்காடு குறைத்தால் மின்திறன் ஏறக்குறைய 27 விழுக்காடு குறையும். வேலை நேரமோ ஒன்பதில் ஒரு பங்குதான் கூடும். மேலும், 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பல செயலிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அந்த உச்ச வேகம் நெடுநேரம் நமக்குக் கிடைப்பதுமில்லை.

விண்டோஸின் மின்சக்தி அமைப்பில் செயலியின் உச்ச நிலையை 100இலிருந்து 99 ஆக்கினேன். பல இன்டெல் செயலிகளில் இதனால் டர்போ வேகம் நின்றுவிடும். பெயருக்குத்தான் ஒரு விழுக்காடு, உண்மையான இழப்பு அதைவிடக் கூடுதல். (மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து, அடிப்பக்கக் காற்றுத்துளைகளை அடைப்பவர்களுக்கு எந்த அமைப்பும் உதவாது.) வரைகலைச் செயலியில் ரெண்டர் செய்வோர் அதற்குத் தனியே வரம்பிட வேண்டும்.

நள்ளிரவில் முடிந்த வேலை இப்போது இரண்டு மணிக்கு முடிகிறது. அம்மா விழிப்பதில்லை.