துப்பாக்கியுடன் வீடு மாறுதல்: அமெரிக்கச் சட்டம் சொல்வது என்ன?

கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி வேறு கப்பலுக்கு மாறிச் செல்லும் சரக்கைப் பற்றி நமது வியாபாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொள்கலன் முத்திரை உடையாமல் துறைமுகத்துக்குள் இருக்கும்வரை அது வழிச்செல்லும் சரக்கு. இறக்குமதித் தீர்வை கிடையாது. அதையே கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து திறந்தால் சுங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். ஐக்கிய அமெரிக்காவில் ஒருவர் தமது சொந்தத் துப்பாக்கியோடு ஒரு மாநிலத்திலிருந்து தூரத்து மாநிலமொன்றுக்குக் குடிபெயரும்போது அந்நாட்டுச் சட்டம் பார்க்கும் பார்வையும் ஏறக்குறைய இதுதான்.

அமெரிக்கர் துப்பாக்கி கொண்டுபோவதில் நமக்கென்ன என்று கேட்கலாம். அங்கே படிக்கவும் தொழில் செய்யவும் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நமது நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றாக இருப்பதால், அங்கும் அப்படித்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அங்கோ மத்திய சட்டத்துக்குக் கீழே 50 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள். பென்சில்வேனியாவில் பெற்ற அனுமதிப்பத்திரம், பாலத்தைக் கடந்து நியூஜேர்சிக்குள் போனதும் வெறும் கடதாசி.

இந்தச் சிக்கலைக் கருதியே 1986இல் மத்திய காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. புறப்படும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருப்பது உங்களுக்குச் சட்டபூர்வமானதாக இருந்தால், இடையிலுள்ள மாநிலங்களின் தடை உங்களைக் கட்டுப்படுத்தாது. நிபந்தனைகள் உண்டு. துப்பாக்கியில் ரவை இருக்கக் கூடாது. துப்பாக்கியோ ரவையோ பயணிகள் அமரும் பகுதியிலிருந்து கைக்கு எட்டக் கூடாது, அதாவது டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி தனியாக இல்லாத வேன், ஜீப் போன்ற வாகனமானால் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். டேஷ்போட் லாச்சியையும் ஆசனங்களுக்கு நடுவிலுள்ள பெட்டியையும் பூட்டினாலும் சட்டம் ஏற்காது.

கேட்பதற்கு இலகுவாகத்தான் இருக்கிறது. யூட்டா மாநிலத்தவர் ஒருவருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2005 மார்ச் மாதம் பென்சில்வேனியாவிலுள்ள அலன்டவுன் நகரில் தாம் வாங்கிய காரொன்றை எடுத்து ஓட்டிவர விமானத்தில் புறப்பட்டார். கைத்துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைத்து, விமான நிறுவனத்திடம் முறைப்படி அறிவித்து, பொதிகளோடு அனுப்பினார். மினியாபொலிஸிலிருந்து நியூஜேர்சியின் நியூவார்க் வந்த விமானம் தாமதித்தது. அடுத்த விமானம் தவறியது. மாற்று ஏற்பாடாகக் கிடைத்த பஸ்ஸில் அவரது பொதி ஏற்றப்படவில்லை. பொதியைத் தேடி இறங்கினார், பஸ்ஸும் போய்விட்டது. பொதியைப் பெற்றுக்கொண்டு இரவு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்துக்கு வந்து, நேர்மையாகத் தம்மிடம் துப்பாக்கி இருப்பதாக அறிவித்தார். பொலிஸார் கைது செய்தனர்.

சில நாட்கள் சிறையில் இருந்தார். பின்னர் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஆனால் துப்பாக்கி திரும்பிவர ஏறக்குறைய மூன்று வருடங்கள் சென்றன. அவர் தொடுத்த நட்டஈட்டு வழக்கும் 2010இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. ஹோட்டல் அறையில் பொதி அவர் கையில் இருந்தது, எனவே துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, சட்டத்தின் பாதுகாப்பு அத்தோடு நின்றது என்பதே தீர்ப்பின் சாரம். பொதியைக் கையில் எடுக்க முன் விமான நிலைய அதிகாரிகளிடமோ பொலிஸிடமோ போயிருக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அவர்மீது அனுதாபமும் தெரிவித்தது! என்னைக் கேட்டால் மிகக் கடுமையான தீர்ப்பு. ஆனாலும் தீர்ப்புத் தீர்ப்புத்தான்.

வழியில் எத்தனை மணித்தியாலம் நிற்கலாம் என்று அந்தச் சட்டத்தில் எழுதப்படவில்லை. ஆகவே நியூயோர்க், நியூஜேர்சி போன்ற கடுமையான மாநிலங்களுக்கு ஊடாக வண்டியில் போகிறவர் இரவு தங்குவதை அவற்றின் எல்லைக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்வது புத்தி. முடிந்தால் சுற்றுப்பாதையில் போகலாம். கூடுதல் பெற்றோல் செலவு சட்டத்தரணியின் கட்டணத்தைவிடக் குறைவு.

வீட்டுத் தளபாடம் ஏற்றும் லொறிக் கொம்பனியிடம் கொடுப்பதானால், பொதிக்குள் துப்பாக்கி இருப்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது மத்திய சட்டம். சாமான் பட்டியலில் 'பலசரக்கு' என்று ஒரே வரியில் எழுதி முடிக்கும் நமது பழக்கம் அங்கே செல்லாது. வெடிமருந்து அடங்கியது என்பதால் ரவைகளைப் பல கொம்பனிகள் ஏற்றவே மாட்டா.

விமானத்தில் போனால் ரவை நீக்கிய துப்பாக்கி கடினமான பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். கவுண்டரில் அறிவித்துப் பொதியாக மட்டுமே அனுப்பலாம், சாவி பயணியிடம் இருக்கும். கைப்பையில் ஒருபோதும் கூடாது. 2023இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் கைப்பைகளிலிருந்து 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. பெரும்பாலானவற்றில் ரவை நிரப்பியிருந்தது. 'மறந்துபோனேன்' என்று சொன்னால் அபராதம் இல்லாமல் போகாது.

போய்ச்சேர்ந்த பிறகும் வேலை இருக்கிறது. கலிபோர்னியாவில் குடியேறியவர் 60 நாட்களுக்குள் துப்பாக்கி விபரத்தை மாநில நீதித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். ஹவாயில் ஐந்தே நாட்களுக்குள் பதிவு. டெக்சாஸில் கடையில் தாராளமாக வாங்கும் சில ரகங்களைக் கலிபோர்னியாவுக்குள் கொண்டுவரவே முடியாது. அப்படியானதைப் புறப்படும் முன்பே அங்குள்ள அனுமதி பெற்ற விற்பனையாளருக்கு விற்றுவிட வேண்டும்.

இனி நமது பிள்ளைகள் விடயம். மாணவர் விசா, தற்காலிகத் தொழில் விசா, சுற்றுலா விசா ஆகியவற்றில் இருப்பவர், செல்லுபடியான வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விதிவிலக்குகள் இருந்தாலொழிய, துப்பாக்கியையோ ரவையையோ வைத்திருப்பதே மத்திய குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் 15 வருடம் வரை சிறை. துப்பாக்கி தமக்குச் சொந்தமில்லை என்பது அங்கே போதுமான பதிலல்ல. கடை முதலாளி வேறு மாநிலத்துக்கு மாறுகிறார், மேசைக்குக் கீழிருந்த அவரது கைத்துப்பாக்கியை 'தம்பி, இதையும் உங்கள் காரில் போட்டுக்கொண்டு வாருங்கள்' என்று கொடுக்கிறார் என்று வையுங்கள். அந்தப் பொடியன் பெட்டியை ஒழுங்காகப் பூட்டி டிக்கியில் வைத்தாலும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் அவனைக் காக்காது. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தால் தடுக்கப்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பே இல்லை. கிரீன் கார்ட் உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றமொன்றில் தண்டனை பெற்றால் அவரையும் நாடுகடத்த முடியும்.