டைரி எதுக்குங்க எழுதணும்?

புது வருஷம் பிறந்தால் ஓசி டைரி கிடைக்குமா என்று கடை கடையாக ஏறி இறங்குவோம். பொங்கல் வரைக்கும் எழுதுவோம். அப்புறம் அது வீட்டில் பால் கணக்கு நோட்டாகிவிடும். "நம்ம பொழப்புல எழுதற அளவுக்கு என்னங்க நடக்குது?" என்று சமாதானம் வேறு!

அப்படி நினைக்காத ஒருவர் புதுச்சேரியில் இருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர், வியாபாரி, பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷ். துபாஷ் என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்ல. கம்பெனியின் கொள்முதலும் அவர் கையில்தான். 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்தவர், 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரை விடவில்லை.

என்ன எழுதினார்? கப்பல் வந்தது, போனது, பீரங்கி போட்டது, சரக்கு விவகாரம், யார் யாரிடம் என்ன சொன்னார் என்பது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததும், 1748 புதுச்சேரி முற்றுகையும் அதற்குள்ளேயே வருகின்றன. எல்லாம் அன்றைய பேச்சுத் தமிழில். பண்டிதர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் 18-ஆம் நூற்றாண்டு ஜனங்கள் எப்படிப் பேசினார்கள் என்று காட்டுவது அந்தக் கொச்சைதானே!

எதற்காக எழுதினார்? கணக்குப் புத்தகம் எழுதிப் பழகிய கை என்பது ஒன்று. இன்னொன்று முக்கியம் என்பது என் எண்ணம். டூப்ளேயின் மனைவிக்கும் இவருக்கும் ஒத்துவராது. கவர்னர் மாளிகையில் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? நோட்டிடம் சொன்னார். தன்னைப் புகழ்ந்தவர்கள் பேச்சையும் மறக்காமல் எழுதிக்கொண்டார், மனுஷன்தானே!

நம் லேப் சமாசாரம் மாதிரி இது. ரெக்கார்டு நோட்டில் ரீடிங் எப்போதும் சரியாகவே வரும். அடித்துத் திருத்திய அப்சர்வேஷன் நோட்டில்தான் நிஜமான ரீடிங் இருக்கும். பிள்ளை எழுதியது அப்சர்வேஷன் நோட்டு.

1846-இல் அந்த நோட்டுகள் கவனத்துக்கு வந்தன. 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கமே 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. கர்நாடகப் போர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

நம்ம உடுமலையில் மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலத்தில், பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் அதில் போய்வந்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? சந்தையில் தேங்காய் என்ன விலை? எழுதி வைத்தவர் உங்கள் வீட்டில் யாராவது உண்டா? தாத்தாவைக் கேட்டுப் பாருங்க. அவர் சொல்வதைச் சொன்ன மாதிரியே, நம்ம கொங்குத் தமிழிலேயே, மேலே தேதி போட்டு எழுதுங்க. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் போதும்.