பாரிஸ் – லண்டன், சென்னை – பலாலி
(ஊரும் உலகும் – தொடர் 11)

நெல்லியடிச் சந்தியில் நின்று விசாரித்தால் லண்டனிலோ பாரிசிலோ சூரிச்சிலோ பிள்ளைகள் இருக்கும் வீடுகளே அதிகம். பாரிசிலிருக்கும் தங்கச்சி பள்ளி விடுமுறைக்கு லண்டனில் அண்ணன் வீட்டுக்குப் போவாள். "ஒரு மணித்தியாலம்தானேயம்மா" என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்லுவாள். அந்தப் பறப்பையும் எங்கள் பலாலிப் பறப்பையும் இந்த வாரம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பாரிஸ் சார்ல்ஸ் து கோலிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேர்த்தூரம் ஏறத்தாழ 348 கிலோமீற்றர். சென்னையிலிருந்து பலாலிக்கு ஏறத்தாழ 355. பின்னதை நீங்களே கணக்கிடலாம். இரண்டு நிலையங்களும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கக்கோட்டில் இருக்கின்றன; அகலக்கோட்டு வித்தியாசம் 3.2 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல்மைல், ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர். பெருக்கிப் பாருங்கள்.

வியப்பு நேரத்தில்தான். பாரிசிலிருந்து புறப்படுவது மணிக்கு 800 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடிய ஜெட். பலாலிக்கு வருவது 500ஐ ஒட்டிப் பறக்கும் ஏரிஆர், விசிறி வைத்த விமானம். ஆனால் அட்டவணையில் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம் என்றே போடுகிறார்கள். வாசலை விட்டு நகர்வதிலிருந்து மறு வாசலில் நிற்கும் வரையான நேரம் அது. ஹீத்ரோவில் இறங்க வரிசை. முறை வரும்வரை விமானங்கள் வானில் வட்டமடிக்கும். பாரிசில் ஓடுபாதைக்குப் போகவே நெடுந்தூரம் உருள வேண்டும். ஜெட்டின் வேகத்தை நிலம் தின்றுவிடுகிறது. லண்டன் கடிகாரம் பாரிசுக்கு ஒரு மணித்தியாலம் பின்னால் நிற்பதால், பத்து மணிக்குப் புறப்பட்டவள் அங்கே பத்தேகாலுக்கு இறங்குவாள்.

எங்கள் வழி நேற்றுத் தொடங்கியதல்ல. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் பறந்தது. காங்கேசன்துறை என்று அன்று சொன்னது இந்தப் பலாலித் தளத்தையே. பிறகு போர் வந்தது. 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச நிலையமாகத் திறந்தார்கள். கொரோனாவில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது.

இவ்வளவு இருந்தும் லண்டனிலிருந்து வருபவர்களில் பெரும்பாலானோர் இன்னமும் கட்டுநாயக்காவில்தான் இறங்குகிறார்கள். பதினொரு மணித்தியாலம் பறந்து வந்த களைப்போடு பெட்டிகளை வானில் ஏற்றி, புத்தளமோ குருநாகலோ கடந்து, வவுனியா தாண்டி, விடியும்போது வல்லை வெளியில் உப்புக்காற்றுப் படும். எட்டு மணித்தியாலம் தெருவிலேயே போய்விடும். கட்டுநாயக்காவுக்கும் பலாலிக்கும் நேர்த்தூரம் 290 கிலோமீற்றர், பாரிஸ்–லண்டனிலும் குறைவு. முழங்கால் நோவோடு வரும் எழுபது வயதுத் தாய்க்கு அந்த இரவு எவ்வளவு கொடியது என்பதை வானில் கூட வந்த பிள்ளைகள் அறிவார்கள்.

ஐரோப்பிய விமானங்கள் வந்திறங்கும் நேரத்துக்குப் பொருந்த, கட்டுநாயக்காவிலிருந்து பலாலிக்கு நாள்தோறும் ஒரு சிறு விமானம் விட வேண்டும். இதைக் கேட்பது எங்கள் உரிமை.

அதுவரை சென்னை வழியாக வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு ரிக்கெற்றுகளைத் தனித்தனியே எடுத்தால் சென்னையில் பெட்டியை எடுத்து மீண்டும் பதிய வேண்டிவரும். அதற்கு இந்திய விசா தேவை. பணம் கட்டுவதற்கு முன்னரே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.