இரண்டாம் மனைவிக்கு என்ன வழி?

கிறிஸ்தவம் ஒருதார மணத்தை வலியுறுத்தும் சமயம் என்பது அனைவரும் அறிந்ததே. ஏற்கெனவே பல மனைவியருடன் வாழும் ஒருவர் கிறிஸ்தவராக விரும்பியபோது, அந்த மனைவியரைத் திருச்சபை என்ன செய்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒருதார மணத்தின் மேன்மை குறித்த விவாதத்தில் திருச்சபைக்குப் பெரிய இடர்ப்பாடு நேர்ந்ததில்லை. இந்தக் கேள்விதான் அதனை நூற்றாண்டுக் கணக்கில் அலைக்கழித்தது.

பழைய ஏற்பாடு பலதார மணத்தைத் தடை செய்யவில்லை. ஆபிரகாம், யாக்கோபு, தாவீது என்று பலரும் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களுடன் வாழ்ந்தவர்கள். சாலொமோனுக்கு 700 மனைவியரும் 300 மறுமனையாட்டியரும் இருந்தனர் என்கிறது விவிலியம். விரும்பிய மனைவியின் மகனுக்காக, வெறுக்கப்பட்ட மனைவி பெற்ற தலைமகனின் சொத்துரிமையைப் பறிக்கக் கூடாது என்று உபாகமம் விதிக்கிறது. பலதார மணம் நடைமுறையில் இருந்த சமூகத்துக்குத்தான் இப்படியொரு சட்டம் தேவைப்படும். அதே வேளையில், சாராள் - ஆகார், லேயாள் - ராகேல் ஆகியோரின் மனக்கசப்பை அந்நூல்கள் மறைக்கவுமில்லை. இரு மனைவியரைக் கொண்டவராக விவிலியம் முதலில் குறிப்பிடுவது, காயீனின் வழிவந்தவரும் தாம் செய்த கொலையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவருமான லாமேக்கைத்தான்.

புதிய ஏற்பாட்டில் இயேசுவிடம் கேட்கப்பட்டது மணவிலக்கு பற்றிய கேள்வி. படைப்பின் தொடக்கத்தில் ஆணும் பெண்ணும் ஒரே உடலாக இணைக்கப்பட்டதை நினைவூட்டி, மனைவியை விலக்குவதை அவர் கண்டித்தார். பலதார மணத்தைப் பெயர் சொல்லிக் கண்டித்ததாக நற்செய்திகளில் இல்லை. திருச்சபை வேரூன்றிய ரோமப் பேரரசிலோ ஒரு மனைவி என்பதே ஏற்கெனவே சட்டமாக இருந்தது. ஏறத்தாழ கி.பி. 401இல் திருமணத்தின் நன்மை குறித்து எழுதிய அகுஸ்தீன், முற்பிதாக்கள் பலரை மணந்தது அவர்கள் காலத்து வழக்கப்படி குற்றமாகாது என்றே வாதிட்டார். முறையான திருமணத்துக்கு வழிவிடுவதற்காக, பல ஆண்டுகள் தம்முடன் வாழ்ந்து ஒரு மகனையும் பெற்ற பெண்ணை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பியவர் அவர். தம் வாழ்க்கையை அத்தனை விரிவாக எழுதியவர் அந்தப் பெண்ணின் பெயரை எங்கும் குறிப்பிடவில்லை.

பின்னர் வந்த சீர்திருத்தக் காலத்தில், ஹெஸ்ஸே நாட்டு இளவரசர் பிலிப், முதல் மனைவி உயிரோடிருக்க 1540இல் இன்னொரு பெண்ணை மணந்தார். மார்ட்டின் லூதர் அதற்கு இரகசியமாக இசைவு அளித்திருந்தது வெளியானபோது பெரும் அவப்பெயர் ஏற்பட்டது. கிறிஸ்தவருக்குப் பல மனைவியர் ஆகலாம் என்போரைத் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் சபித்து ஒதுக்கியது. ஐரோப்பாவைப் பொறுத்தவரை வழக்கு அத்துடன் முடிந்தது.

ஆப்பிரிக்காவில் அது மீண்டும் உயிர்பெற்றது. 1853இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு ஆங்கிலிக்கன் பேராயராக நியமிக்கப்பட்ட ஜான் வில்லியம் கோலென்சோ, ஜூலு மக்களிடையே நிலவிய மிஷனரி வழக்கத்தைக் கண்டு திடுக்கிட்டார். ஞானஸ்நானம் பெற விரும்பும் ஆண், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட வேண்டும் என்பதே அவ்வழக்கம். பெண்வீட்டாருக்கு மாடுகள் கொடுத்து, ஊரறியச் செய்யப்படும் திருமணங்கள் அவை. அனுப்பப்பட்ட பெண்ணுக்கு வீடும் நிலமும் கணவன் வழியாக வந்தவை. பிள்ளைகளோ கணவனின் குலத்துக்கு உரியவர்கள். கோலென்சோவின் வாதம் எளிமையானது: இயேசு வெளிப்படையாகக் கண்டித்தது மனைவியை விலக்குவதை, அதையே ஒருவரைக் கிறிஸ்தவராக்குவதற்கான நிபந்தனையாக வைப்பது எப்படி? இதற்கு நேரான பதில் அன்று எவரிடமிருந்தும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. விவிலியத்தின் முதல் நூல்கள் குறித்து அவர் எழுப்பிய ஐயங்களுக்காக 1863இல் அவர்மீது தீர்ப்பு வழங்கப்பட்டபின், அவர் சொன்ன எல்லாமே சந்தேகத்துக்கு உரியதாயிற்று.

1888இல் உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடிய லாம்பெத் மாநாடு, பல மனைவியர் கொண்டவருக்கு ஞானஸ்நானம் இல்லை என 83க்கு 21 என்ற வாக்குகளில் முடிவு செய்தது. அவர்களுடைய மனைவியருக்குச் சில சூழல்களில் ஞானஸ்நானம் அளிக்கலாம் என்ற தீர்மானம் 54க்கு 34 என நிறைவேறியது. ஒரே குடும்பத்தில் மனைவி சபைக்குள்ளும் கணவன் சபைக்கு வெளியிலும் நிற்கலாம் என்றாயிற்று.

இதனால் பலதார மணம் பெண்களுக்கு இதமானது என்று பொருளாகாது. விதியைத் தளர்த்தினால் சபைக்குள்ளேயே அவ்வழக்கம் நிலைபெற்றுவிடும் என்ற அச்சத்திலும் நியாயம் உண்டு. ஆனால் வழக்கத்தை ஒழிப்பது வேறு, வழக்கத்தில் அகப்பட்டவரை வெளியேற்றுவது வேறு. தான்சானியாவில் மசாய் மக்களிடையே பணியாற்றிய கத்தோலிக்க மறைப்பணியாளர் யூஜின் ஹில்மன் 1975இல் வெளியிட்ட நூல், இந்த விவாதத்தை மீண்டும் திறந்தது.

கென்யப் பேராயர் டேவிட் கிட்டாரியின் முயற்சியால் 1988 லாம்பெத் மாநாடு, நூறாண்டுக்கு முந்தைய முடிவை மாற்றியது. ஒருதார மணமே இறைத்திட்டம் என்பதை உறுதி செய்தபடியே, பல மனைவியர் கொண்டவரை, விசுவாசிகளான மனைவியரோடும் பிள்ளைகளோடும் சபையில் சேர்க்கலாம் என்றது. அந்த மனைவியருள் ஒருவர் உயிரோடிருக்கும்வரை அவர் மறுபடி மணம் செய்யக் கூடாது. உள்ளூர்ச் சபை இசைய வேண்டும். எந்த மனைவியையும் விலக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மூன்றாவது நிபந்தனைக்கு மாநாடு கூறிய காரணம், விலக்கப்படும் பெண்களுக்கு நேரும் சமூக இழப்பு.

கத்தோலிக்கத் திருச்சபை அவ்வளவு தூரம் செல்லவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1148ஆம் விதிப்படி, திருமுழுக்குப் பெறுபவர் ஒரு மனைவியோடு மட்டுமே வாழலாம். முதல் மனைவியோடு வாழ்வது கடினமானால் மற்றவருள் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். முதல் மனைவி உள்ளிட்ட, அனுப்பப்படும் பெண்கள் அனைவரின் தேவைகளும் நீதிப்படி நிறைவு செய்யப்படுவதை ஆயர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. எவ்வளவு, எத்தனை காலம் என்பதை அது வரையறுக்கவில்லை.