வளர்ச்சியில் உள்ள நிரல் தொகுப்புகளைச் சோதிக்கும் முறை

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்படும் நிரல்கள் பெரும்பாலும் பல சிறு தொகுப்புகளின் துணைகொண்டே இயங்குகின்றன. இத்தொகுப்புகளை வழங்கும் பொதுக் களஞ்சியங்களுள் முதன்மையானது என்பிஎம் ஆகும். இது 2010-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இக்களஞ்சியத்தில் ஒரு பதிப்பெண்ணுடன் வெளியான தொகுப்பைப் பின்னர் நீக்கினாலும், அதே பெயரிலும் எண்ணிலும் திருத்திய வடிவை வெளியிட இயலாது. ஆகவே வெளியிடுமுன் சோதித்தல் இன்றியமையாதது.

மழையளவைக் கணக்கிடும் தொகுப்பு ஒன்றும், அதைக்கொண்டு அறிக்கை தயாரிக்கும் நிரல் ஒன்றும் ஒரே கணிப்பொறியில் உருவாகி வருவதாகக் கொள்வோம். தொகுப்பில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் களஞ்சியத்தில் வெளியிட்ட பின்னரே நிரலில் காண்பது வீண் உழைப்பாகும். இதனைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன.

முதலாவது, ‘என்பிஎம் லிங்க்’ என்னும் கட்டளை. இதனைத் தொகுப்பின் கோப்புறையில் ஒருமுறையும், நிரலின் கோப்புறையில் தொகுப்பின் பெயரைச் சேர்த்து மறுமுறையும் இடுதல் வேண்டும். உடனே, தொகுப்பின் நகல் இருக்க வேண்டிய இடத்தில், மூலக் கோப்புறையைக் காட்டும் சுட்டு ஒன்று அமைகிறது. மூலத்தில் செய்த திருத்தம் நிரலிலும் அப்பொழுதே புலனாகும். இரண்டாவது, 2020-இல் வெளிவந்த என்பிஎம் 7-ஆம் பதிப்பு முதல் உள்ள ‘வொர்க்ஸ்பேசஸ்’ ஏற்பாடு. தொகுப்பும் நிரலும் ஒரே தலைமைக் கோப்புறையில் அடங்குமாயின், நிறுவும்போது இச்சுட்டுகள் தாமே அமைந்துவிடும்.

எனினும் சுட்டு முறையில் இரு இடர்கள் உண்டு. நோட் இயக்கி சுட்டின் வழியே மூல இடத்தை அடைந்து, அங்கிருந்தே பிற துணைத் தொகுப்புகளைத் தேடுகிறது. ரியாக்ட் போன்ற நூலகம் இரு கோப்புறைகளிலும் தனித்தனியே இருப்பின், இரு படிகள் ஏற்றப்பட்டுப் பிழை விளையும். மற்றொன்று இதனினும் மறைவானது. சுட்டு, கோப்புறை முழுவதையும் காட்டுகிறது. வெளியாகும் தொகுப்பிலோ, ‘ஃபைல்ஸ்’ பட்டியல் எழுதப்பட்டிருப்பின், அதிற் கண்டவையும் இன்றியமையாத சில கோப்புகளுமே சேர்க்கப்படும். பட்டியலில் ஒரு கோப்பு விடுபட்டாலும், உருவாக்கியவரின் கணிப்பொறியில் நிரல் குறைவின்றி இயங்கும், பிறரிடத்து நின்றுவிடும்.

இக்குறையை வெளிப்படுத்துவது ‘என்பிஎம் பேக்’ கட்டளை. இது, வெளியிடப்படவிருக்கும் தொகுப்பைச் சுருக்கிய ஒரே கோப்பாக ஆக்கித் தருகிறது. அதனைப் புதிய கோப்புறை ஒன்றில் நிறுவி, நிரலை இயக்கிப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு திருத்தத்திற்கும் இதனைச் செய்வது நேரத்தைக் கவரும். ஆதலின் அன்றாடப் பணிக்குச் சுட்டும், வெளியீட்டிற்கு முந்திய சோதனைக்குச் சுருக்கக் கோப்பும் ஏற்றவை.

ஆசிரியர்கள் பட்டியலினின்று ஒரு கோப்பை வேண்டுமென்றே நீக்கி, இரு முறைகளாலும் சோதித்துக் காட்டின், மாணவர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர்.