இணை அமைச்சர்: பதவி இருக்கு, ஃபைல் இருக்கா?

'நம்ம எம்.பி. மத்திய இணை அமைச்சர் ஆயிட்டாரு'ன்னு பட்டாசு வெடிக்கிறாங்களே, அந்தப் பதவி எங்கேயிருந்து வந்தது?

அரசியல் சாசனத்தின் 75-வது பிரிவைப் படிச்சுப் பார்த்தேன். அங்கே 'அமைச்சர்கள்'னுதான் இருக்கு. இணை, துணைன்னு தரம் பிரிக்கவே இல்லை. 1949-ல் என். கோபாலசாமி ஐயங்கார் கொடுத்த அறிக்கைதான் கேபினட், இணை, துணை என்ற மூன்று அடுக்குக்கும் அடிப்படை. இதில் துணை அமைச்சர் பதவி இப்போ வழக்கத்தில் இல்லை.

இணை அமைச்சர்ல ரெண்டு வகை. 'தனிப் பொறுப்பு'ன்னா துறைக்கு அவரே தலைவர். மத்தவங்களுக்கு, கேபினட் அமைச்சர் பிரிச்சுக் கொடுக்கிற வேலை மட்டும்தான். கேபினட் கூட்டத்துக்கும் அழைச்சாத்தான் போகலாம். ஆனா நாடாளுமன்றத்துல துறை சார்பா எழுந்து பதில் சொல்றது பல நேரம் இவங்கதான்.

2003-ல் வந்த 91-வது திருத்தம், மொத்த அமைச்சர்களை மக்களவை பலத்தில் 15 சதவீதத்துக்குள்ள நிறுத்திடுச்சு. 543 இடத்துக்கு 81 பேர். ஃபைலே வராத இணை அமைச்சரும் அந்தக் கணக்குல ஒருத்தர்.

அதனால, பதவியேற்பு போட்டோவைவிட வேலைப் பங்கீட்டு உத்தரவுதான் எனக்கு முக்கியமா படுது. உங்க தொகுதிக்காரர் அமைச்சரானா, முதல்ல அதைக் கேளுங்க.