வாயும் வயிறும் வேறு

“தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு” என்பது நம் நாட்டுப் பழமொழி. குடும்ப விவகாரத்தில் வழங்கும் இச்சொல் வைத்திய சாஸ்திரத்திலும் உண்மையென்பதற்கு ஐசோனியாசிட் என்னும் க்ஷயரோக மாத்திரையே சாட்சி. அச்சாட்சியத்தில் ஒரு பகுதி நமது சென்னைப் பட்டணத்திலேயே பதிவாயிற்று என்பதை நேயர்களில் பலர் அறியார்.

இம்மருந்து 1912-ல் பிராக் நகரில் முதன்முதல் செய்யப்பட்டது. க்ஷயக் கிருமியை அது கொல்லும் என்ற செய்தியோ நாற்பது ஆண்டு கழித்து, 1952-ல்தான் உலகுக்கு வெளியாயிற்று. விலை குறைவு; வீரியம் அதிகம். ஆனால் அதை உண்டவர்களுள் சிலருக்கு மட்டும் கைகால்கள் மரத்தும் எரிந்தும் போயின. ஒரே மருந்து, ஒரே அளவு. பலன் மட்டும் ஏன் வேறாக வேண்டும்?

காரணம் ஈரலில் இருக்கிறது. அங்குள்ள ஒரு நொதி இம்மருந்துடன் அசெடைல் என்ற பொருளைச் சேர்த்து அதன் வீரியத்தைப் போக்கிவிடுகிறது. அந்நொதியை உண்டாக்கும் மரபணுவுக்கு என்.ஏ.டி.2 என்று பெயர். தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொருவருக்கும் அதில் இரண்டு பிரதிகள் உண்டு. இரண்டும் மந்தமானவையாயின், மருந்து இரத்தத்தில் நெடுநேரம் தங்கும். நரம்புக்கும் ஈரலுக்கும் தீங்கு நேரும் அபாயம் மிகும். அல்லாதாருக்கு மருந்து விரைவில் கழிந்துவிடும். இது பரம்பரையாக வரும் குணமென்பதை எவான்ஸ், மான்லி, மெக்கூசிக் என்ற மூவர் பல குடும்பங்களை ஆராய்ந்து 1960-ல் நிலைநாட்டினர்.

மந்த வகையார் ஜப்பானியருள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவே. ஐரோப்பியருள் பாதிக்கு மேல். தென்னிந்தியருள் ஏறக்குறைய அறுபது. எகிப்தியருள் எண்பதுக்கும் அதிகம். மருந்து தோன்றி ஒரு நூற்றாண்டே ஆயிற்று. இவ்வேற்றுமையோ பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையது. ஆதலால் இதை உண்டாக்கியது மருந்தன்று; முன்னோர் உண்ட உணவும் வாழ்ந்த வாழ்வுமே என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். வேட்டையாடிப் பிழைத்த கூட்டத்தாரைவிட, உழுதும் ஆடுமாடு மேய்த்தும் வாழ்ந்த கூட்டத்தாரிடம் மந்த வகை மிகுதியாகக் காணப்படுகிறது. அதுவும் ஒரே மாறுதலால் வந்ததன்று. வெவ்வேறு மாறுதல்கள் வெவ்வேறு நாடுகளில் பெருகி ஒரே முடிவைத் தந்திருக்கின்றன. இயற்கைத் தேர்வு வேலை செய்தது என்று சந்தேகிக்க இதுவே முக்கிய காரணம். புதிய உணவில் கலந்த நச்சுப் பொருள்களா, ஃபோலேட் என்ற சத்தின் குறைவா, எது அத்தேர்வை நடத்தியது என்ற விவாதம் முடியவில்லை.

இனிச் சென்னைக்கு வருவோம். 1956-ல் இங்கே க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கிற்று. சேத்துப்பட்டில் இன்றும் தேசிய ஆராய்ச்சி நிலையமாக அது விளங்குகிறது. ஏழை நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-ல் உலகுக்கு எடுத்துக் காட்டியது அந்நிலையமே. நம்மவர் தேகம் இம்மருந்தை எவ்வேகத்தில் கழிக்கிறது என்பதையும் அங்கேயே அளந்தார்கள். வாரம் ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்தபோது, விரைவில் கழிப்பவர்கள் குணமடைவதில் பின்தங்கினர். தினமும் கொடுத்தபோது அக்குறை பெரும்பாலும் நீங்கிற்று. நரம்புத் தீங்கைச் சிறிதளவு பி6 வைட்டமினால் தடுக்கலாம் என்பதும் அங்கே உறுதியாயிற்று. அன்னிய தேசத்து நோயாளியின் தேகத்தை நமக்கு அளவுகோலாகக் கொள்ளாமல், நம் நோயாளியையே கேட்டறிந்ததன் பலன் இது.

இவ்விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை அவசியம். முதலாவது, இதைக் கேட்டு எவரும் மாத்திரையைத் தாமே குறைக்கவோ நிறுத்தவோ கூடாது; பாதியில் விட்ட சிகிச்சை, மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கும். இரண்டாவது, இதைக் கொண்டு இனப் பெருமையோ இழிவோ பேச இடமில்லை. தென்னிந்தியன் என்று சொன்னமாத்திரத்தில் ஒருவன் எவ்வகையான் என்று தெரியாது. நூற்றில் நாற்பது பேர் மற்ற வகையாயிற்றே! ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் அண்ணன் மந்த வகையாகவும் தம்பி விரைவு வகையாகவும் இருக்கலாம். ஜாதியையும் தேசத்தையும் கேட்டு மருந்தளவை நிர்ணயிப்பது, சாட்சியை விசாரியாமல் ஊர்ப் பேச்சைக் கொண்டு தீர்ப்பெழுதுவதற்கு ஒப்பாகும்.

விசாரிக்க வழி உண்டு. ஜப்பானில் நடந்து 2013-ல் வெளியான ஒரு சோதனையில், மரபணுவைப் பார்த்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மந்த வகையாருக்கு 2.5 மில்லிகிராம், இடைப்பட்டவர்க்கு 5, விரைவு வகையாருக்கு 7.5 என்று கொடுத்தனர். மந்த வகையாரின் ஈரல் காப்பாற்றப்பட்டது. உலகில் வேறெந்த நாட்டிலும் இல்லாத அளவு க்ஷயரோகிகள் இந்தியாவில் இருக்கின்றனர். நம் பொதுத் திட்டமோ உடலின் எடையை மட்டும் பார்த்து மருந்தை அளக்கிறது. எல்லோருக்கும் இச்சோதனை இன்றே கூடாதெனின், ஈரல் கெட்டவர்க்கும், மருந்து பலிக்காதவர்க்குமாவது சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாக நடத்திப் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாகாதா? அறுபது ஆண்டுக்கு முன்னரே நம் ஊரில் கண்டறிந்த உண்மை நம் நோயாளிக்குப் பயன்படாமற் போவது நியாயமாகுமா? ஆட்சியாளரும் வைத்தியரும் விடை கூறுவார்களாக.